கிழட்டு நாயும் புது வித்தையும்: ஓர் ஆங்கிலச் சொலவடையை எழுத்தில் கையாள்வது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் நான் அனுப்பிய ஒரு மெயில் இன்னும் என் மனதில் நிற்கிறது. எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு அப்போது 58 வயது. அட்டையில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அச்சு வடிவம், வரைந்து, சாக்பீஸால் கோடு போட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் துணி வெட்டியவர். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்தபோது, படித்து முடித்த கையோடு வேலைக்கு வந்த பையன்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரும் கற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் வெளிநாட்டு பையர் ஒருவர், பேட்டர்ன் வேலையை யார் பார்க்கிறார்கள், அவருக்கு அனுபவம் எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். மாஸ்டரின் அனுபவத்தைப் பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தேன். எழுதியது இது: ‘ஹி இஸ் அன் ஓல்ட் டாக் இன் திஸ் ஃபீல்ட்.’

மெயிலை பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்திருந்தோம். சாம்பிள் செக்‌ஷனில் இருந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் தமிழில் சொல்லிவிட்டான். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார். கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: “ஏனுங் தம்பி, என்னையக் கெழட்டு நாயின்னு எழுதிப்போட்டீங்களாமா?”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. “இல்லைங்க மாஸ்டர், இங்கிலீஷ்ல அது வேற அர்த்தம்ங்க” என்றேன். வேறு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இங்கிலீஷிலும் அது தப்பான வாக்கியம்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்போது மாலை நேரத்தில் கொஞ்சம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஒருவராவது இந்த நாயைக் கட்டுரைக்குள் கொண்டுவந்து தப்பான இடத்தில் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன்.

முழுச் சொலவடை இதுதான்: ‘யூ காண்ட் டீச் அன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால், கிழட்டு நாய்க்குப் புது வித்தை கற்றுக்கொடுக்க முடியாது என்று வரும். பல காலமாக ஒரே வழியில் பழகிப்போன ஒருவரை இனிமேல் புது வழிக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் அதில் சொல்ல வருவது. ‘ட்ரிக்’ என்றதும் ஏமாற்று வேலை, தந்திரம் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். இங்கே அந்தப் பொருள் இல்லை. கையைக் கொடு என்றால் முன்னங்காலை நீட்டுவது, எறிந்த பந்தை எடுத்துவருவது, உட்கார் என்றால் உட்காருவது. இவைதான் நாயின் ட்ரிக். ஆகவே, ‘பழைய ஏமாற்றுக்காரன் புதிதாக ஏமாற்றக் கற்க மாட்டான்’ என்று இதை விரித்து எழுதியிருந்த மாணவி தன் கற்பனையால் வழுக்கிவிட்டாள். மற்றபடி நல்ல எழுத்து அவளுடையது.

இது ஆடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்த பேச்சு. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் ஃபிட்ஸ்ஹெர்பெர்ட் என்பவர் பெயரில் அச்சான ஓர் உழவு நூலில், மேய்ப்பனுடைய நாயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இது வருகிறது. குட்டியாக இருக்கும்போதே நாய் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிழட்டு நாயைக் ‘குனிய’ வைப்பது கடினம் என்கிறது அந்த நூல். குனிவது என்றால் மூக்கைத் தரையோடு வைத்து மோப்பம் பிடிப்பது. 1546-இல் வந்த ஜான் ஹேவுட்டின் பழமொழித் தொகுப்பிலும் அதே ‘குனிவது’தான் இருக்கிறது. ‘ட்ரிக்ஸ்’ பின்னால் வந்து சேர்ந்தது. 1721-இல் வந்த நாதன் பெய்லியின் அகராதியில், கிழட்டு நாய் வித்தை கற்காது என்ற வடிவத்தைப் பார்க்கலாம்.

இந்த மூலத்தை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஆடு வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும், பட்டிக் காவலுக்கு வைக்கிற நாயைக் குட்டியிலேயே ஆட்டோடு விட்டுப் பழக்க வேண்டும் என்பார். காளை வளர்ப்பவரும் அதையே சொல்வார். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசம் போல ஆனதும் நிறம் மாறிச் சாம்பல் வெள்ளைக்கு வரும். நிறம் தானாக மாறிவிடும், நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்கிற பழக்கம் தானாக வராது. அதை இளங்காளையிலேயே பக்கத்தில் பழகிய மாட்டைப் பூட்டி, காலி வண்டியில் ஓட்டி ஓட்டித்தான் கொண்டுவர வேண்டும். வயசான மாட்டைச் சந்தையில் வாங்கி வந்து புதிதாக வண்டிக்குப் பழக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், “ஏனுங், அதெல்லாம் ஆவறதுங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

இதில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய வடிவத்தில் ‘கடினம்’ என்று இருந்தது, இன்றைய வடிவத்தில் ‘முடியாது’ என்று இறுகிவிட்டது. மேய்ப்பனின் அனுபவ அறிவு நாளடைவில் தீர்ப்பாக மாறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை யார் தலையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துதான் இந்தச் சொலவடை சரியாகவோ தப்பாகவோ போகிறது.

சரி, தமிழில் இதற்கு இணை எது? ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று எல்லாரும் உடனே சொல்வார்கள். கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் இரண்டும் பார்க்கிற திசை வேறு. நம் பழமொழி ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோரைப் பார்த்துச் சொல்லப்படுவது: இப்போதே வளைத்துவிடுங்கள், பிறகு முடியாது. ஆங்கிலச் சொலவடை ஐம்பது வயதுக்காரரை நேராகப் பார்க்கிறது: இனி இவரிடம் மெனக்கெட்டுப் பயனில்லை. அதனால் குழந்தை வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், ‘ஐந்தில் வளையாதது’ வருகிற அதே இடத்தில் இந்த நாயைப் போட்டால் வாசகருக்கு ஏதோ இடறும். பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று கிழவரிடம் போனார் என்று தோன்றும்.

அதைவிட அதிகமாக நான் பார்க்கிற குழப்பம் நாய் வாலால் வருவது. ‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நினைக்கிறவர், அங்கேயும் நாய் இருக்கிறது, இங்கேயும் நாய் இருக்கிறது என்று இதை எடுத்துப் போட்டுவிடுகிறார். பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் யூனிட், வைத்திருக்கும் ஒருவர் மூன்று முறை அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தராமல் இழுத்தடித்தார் என்று வையுங்கள். நான்காவது முறையும் அப்படியே செய்கிறார். இதை எழுதுகிறபோது ஓல்ட் டாக் பொருந்தாது. அவருக்குத் தைக்கத் தெரியாமலா போய்விட்டது? குணம் அப்படி. குணத்துக்கு ஆங்கிலத்தில் வேறு மிருகம் இருக்கிறது: ‘எ லெபர்ட் காண்ட் சேஞ்ச் இட்ஸ் ஸ்பாட்ஸ்.’ சிறுத்தை தன் புள்ளியை மாற்றிக்கொள்ள முடியாது என்பது. விவிலியத்தில் எரேமியா நூலின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து வந்த உவமை அது.

எது எங்கே என்று சந்தேகம் வந்தால், முதலில் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அவர் இனிமேல் கற்றுக்கொள்ள மாட்டார்’ என்று வந்தால் நாய். ‘அவர் இனிமேல் திருந்த மாட்டார்’ என்று வந்தால் சிறுத்தை. என் மாணவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதுமானதாக இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பில் போடத் தடுமாறுகிற மளிகைக் கடை அண்ணாச்சி கற்றுக்கொள்கிற கணக்கில் வருகிறார். எடையில் கை வைக்கிறவர் திருந்துகிற கணக்கில் வருகிறார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நான் விழுந்த குழி அதுதான். ஒருவர் பழம் தின்று கொட்டை போட்டவர், அந்த வேலையில் ஊறியவர் என்று புகழ நினைக்கிறோம். ‘ஓல்ட்’ வேண்டும் என்பதுவரை மனசுக்குத் தெரிகிறது. அதற்கு அடுத்த சொல் கையில் வராதபோது நாய் வந்து நின்றுகொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்கான சொல் ‘ஓல்ட் ஹேண்ட்’. பழைய கை, பழகிய கை. ‘ஹி இஸ் அன் ஓல்ட் ஹேண்ட் அட் பேட்டர்ன் மேக்கிங்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அதற்குள் ஒரு மனிதர் முப்பது வருஷமாகச் சேர்த்த மரியாதை இருக்கிறது.

இனி இலக்கணம். இதில் பெரும்பாலும் தமிழ்தான் நம்மை இழுத்துவிடுகிறது. ‘நாய்க்குக் கற்றுக்கொடு’ என்று நாம் நான்காம் வேற்றுமை போடுகிறோம். அந்த ‘க்கு’ ஆங்கிலத்திலும் வேண்டும் என்று நினைத்து ‘டீச் டு அன் ஓல்ட் டாக்’ என்று எழுதிவிடுகிறோம். டீச் என்ற வினைக்குப் பின்னால் கற்கிறவரைப் போட்டால் ‘டு’ வராது. டீச் மீ, டீச் ஹெர், டீச் தி சில்ட்ரன். அதேபோல டீச் அன் ஓல்ட் டாக். அதற்கு அடுத்ததாக, கற்கிற பொருள் அப்படியே வந்து நிற்கும்: நியூ ட்ரிக்ஸ். இடையில் எதுவும் வேண்டாம். வரிசையை மாற்றி, ‘டீச் நியூ ட்ரிக்ஸ் டு அன் ஓல்ட் டாக்’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் சொலவடையின் ஓசை போய்விடும். ‘ஐம்பதில் வளையுமா ஐந்தில் வளையாதது’ என்கிற மாதிரி, எங்கோ கேட்டதுபோல இருக்கும், காதில் உட்காராது. ‘ஓல்ட்’ உயிரொலியில் தொடங்குவதால் ‘அன்’. வித்தை பன்மையில்: ட்ரிக்ஸ். முன்னால் ‘தி’ கிடையாது. அவ்வளவுதான்.

‘யூ’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ‘யூ’ என்று எழுதுவது படிக்கிறவரை நீ என்று கூப்பிடுவதுபோல இருக்கிறது, சங்கடமாக இருக்கிறது என்று அதை ‘வீ’ என்று மாற்றியிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுகிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சங்கடம் வந்ததில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் இந்த ‘யூ’ யாரையும் கூப்பிடவில்லை. ‘கிழட்டு நாய்க்குப் புது வித்தை கற்றுக்கொடுக்க முடியாது’ என்று தமிழில் சொல்லும்போது எழுவாயே இல்லாமல் முடித்துவிடுகிறோம் இல்லையா? ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அந்த இடத்தை நிரப்ப யாரோ ஒருவர் என்ற பொருளில் வருகிற ‘யூ’ இது. மாற்ற வேண்டாம்.

அப்புறம், கடந்தகாலக் கதைக்குள் வந்தாலும் ‘காண்ட்’ ‘குட்ன்ட்’ ஆக வேண்டியதில்லை. சொலவடை எப்போதும் நிகழ்காலத்தில் நிற்கலாம். ஊருக்கே தெரிந்த பேச்சு என்பதால் மேற்கோள் குறியும் தேவையில்லை. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டும் என்றால் ‘ஓல்ட் டாக், நியூ ட்ரிக்ஸ்’ என்று நாலே சொல்லில் விடலாம். மிச்சத்தை வாசகர் மனதில் நிரப்பிக்கொள்வார்.

இலக்கணம் சரியாக இருந்தும் தப்பாகப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. யார் யாரைச் சொல்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது. தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறபோது இது அழகான சொலவடை. உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் ஒரு பெரியவர், கியூஆர் அட்டையை வேண்டாம் என்று பேரனிடம் தள்ளிவிடுகிறார் என்றால், ‘எனக்கு இனிமே இதெல்லாம் ஏறாது சாமி’ என்று அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. அதில் அலுப்பும் இருக்கிறது, செல்லமும் இருக்கிறது. அதே வாக்கியத்தை அந்தப் பேரன் அவரைப் பற்றி எழுதினால் உடனே மட்டம் தட்டுவதாகிவிடுகிறது. ஆங்கிலேயருக்கு நாய் வீட்டு மிருகம்தானே, நம்மைப் போல வசவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிலர் வாதாடுவார்கள். நாய் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. ‘ஓல்ட்’ இருக்கிறது, ‘காண்ட்’ இருக்கிறது. வயசாகிவிட்டது, இனி ஒன்றும் ஏறாது என்று ஒருவரைப் பற்றி அலுவலகக் கடிதத்தில் எழுதினால் எந்த நாட்டிலும் அது புண்படுத்தும். மேலும், திருப்பூரிலிருந்து போகிற மெயிலை ஜெர்மனிக்காரர் மட்டும் படிப்பதில்லை. அவிநாசியில் இருந்து பஸ்ஸில் வருகிற மாஸ்டரும் படிக்கிறார், அல்லது யாராவது படித்துச் சொல்லக் கேட்கிறார். பரிந்துரைக் கடிதம், வேலை மதிப்பீடு, ஆசிரியர்களைப் பற்றிய புகார், முதியவர்களைப் பாராட்டும் கட்டுரை, இவற்றில் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் முடிவு.

பாராட்டும் கட்டுரையிலுமா என்று கேட்பார்கள். அங்கேதான் முக்கியமாக. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 105 வயது, அந்த வயதிலும் காட்டில் இறங்கி வேலை பார்த்தவர். அவரைப் பற்றி ஒரு மாணவன் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, ‘கிழட்டு நாய்க்கும் புது வித்தை கற்றுக்கொடுக்கலாம் என்று நிரூபித்தவர்’ என்று தொடங்கியது. பாராட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் பாராட்டுக்கு முன்னால் அந்தப் பாட்டியை நாயாக்கி, அப்புறம்தான் தூக்கி நிறுத்துகிறது அந்த வாக்கியம். அதை அடித்துவிட்டு, 105 வயதில் காலையில் மண்வெட்டி எடுத்தார் என்று நேராகத் தொடங்கச் சொன்னேன். கட்டுரை அங்கேயே எழுந்து நின்றது.

தலைகீழாகத் திருப்பி எழுதுவதை முற்றாக விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ‘ஹூ சேஸ் யூ காண்ட் டீச் அன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்?’ என்று, அறுபது வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட ஓர் அம்மா தன் முதல் ரவுண்டு முடிந்ததும் தானே எழுதினால், அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அவர் சொல்லலாம். நாம் அவருக்காகச் சொல்ல முடியாது.

கடைசியாக, இது பழமொழி, ஆதாரம் கிடையாது. வயதானவர்களால் புதியதைக் கற்க முடியாது என்று ஒரு கட்டுரையில் வாதிட்டுவிட்டு, அதற்குச் சான்றாக இந்தச் சொலவடையைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய்களையே எடுத்துக்கொண்டாலும் அந்த வாதம் நிற்காது. வியன்னாவில் ஆய்வாளர்கள், 5 மாதக் குட்டியிலிருந்து 13 வயது வரையுள்ள பார்டர் காலி நாய்களைத் தொடுதிரைக்கு முன்னால் நிறுத்தி, படங்களைப் பிரித்தறிந்து மூக்கால் தொடப் பழக்கினார்கள். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. வயதான நாய்களுக்குக் கூடுதல் முறை பழக்க வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் கற்றுக்கொண்டன. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, கற்றதை நினைவில் வைத்திருப்பதில் வயதால் வித்தியாசம் தெரியவில்லை. பார்டர் காலி என்பது ஆடு மேய்க்கிற இனம். ஃபிட்ஸ்ஹெர்பெர்ட் நூல் பேசியதுபோன்ற மேய்ப்பன் நாய்கள்தான் திரைக்கு முன்னால் நின்று, ‘கடினம்’ சரி, ‘முடியாது’ தப்பு என்று காட்டியிருக்கின்றன.

மாஸ்டரும் அப்படித்தான் கற்றார். பையன்கள் இரண்டு நாளில் பிடித்த ‘சேவ்’ பண்ணும் வேலை அவருக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு முறையும் திரையில் இருக்கிற கோட்டை விரலால் தொட்டுப் பார்ப்பார், அட்டையைத் தொடுகிற பழக்கம். ஆனால் கைக்குழியின் வளைவை எங்கே கொஞ்சம் இறக்க வேண்டும் என்று சாஃப்ட்வேருக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த சீசனில் வேறொரு பையர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை ஓல்ட் ஹேண்ட் என்று எழுதினேன், 58 வயதில் கம்ப்யூட்டர் பேட்டர்ன் கற்றுக்கொண்டதையும் ஒரு வரி சேர்த்தேன். அனுப்புவதற்கு முன்னால் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கட்டிங் டேபிளுக்குப் போய் அவரிடம் தமிழில் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டு, இடது கையில் மாட்டியிருந்த இரும்பு வலை உறையைக் கழற்றி டேபிளில் வைத்தார்.

“ஹேண்டுன்னா கைதானுங்களே தம்பி?”

“ஆமாங்க மாஸ்டர். பழகின கைன்னு அர்த்தமுங்க.”

உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “கைன்னா செரி, அனுப்பி வுடுங்க” என்று சொல்லி, உறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.